‘வாட்ச்மென்’: அச்சு அசலாக எடுத்தும் படம் ஏன் தள்ளி நிற்கிறது?

கேள்வி இதுதான்: “ஸாக் ஸ்னைடரின் ‘வாட்ச்மென்’ அளவுக்கு மூலக் காமிக்ஸுக்கு உண்மையாக இருந்த சூப்பர்ஹீரோ படம் வேறு இல்லை என்கிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்திருக்கிறார்கள். பிறகு ஏன் பழைய வாசகர்கள் இன்னமும் முணுமுணுக்கிறார்கள்? முடிவில் அந்த ராட்சதக் கணவாய் மீனைக் காட்டவில்லை என்பதற்காகவா?”

கணவாய்க்காக அல்ல. அதைப் பற்றியும் பிறகு சொல்கிறேன், ஆனால் இந்த வழக்கில் அது சின்னச் சாட்சிதான். இந்தக் காமிக்ஸைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அந்தப் படம் காமிக்ஸை எங்கெல்லாம் அச்சுப் பிசகாமல் நகலெடுத்ததோ, அங்கெல்லாம் அதிலிருந்து விலகிப் போனது. நகலெடுக்கச் சித்திரம் எதுவும் கிடைக்காமல் தானாக யோசிக்க வேண்டி வந்த இடத்தில்தான் அதன் அருகில் வந்தது. இதை விளக்கக் கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். காமிக்ஸைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

‘வாட்ச்மென்’ 1986, 1987 ஆண்டுகளில் டி.சி. நிறுவனத்தின் வெளியீடாகப் பன்னிரண்டு இதழ்களில் வந்தது. எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ், வண்ணம் தீட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ். மூவரும் இங்கிலாந்துக்காரர்கள். டி.சி. அப்போது வாங்கியிருந்த சார்ல்டன் நிறுவனத்தின் பழைய நாயகர்களை வைத்து எழுதத்தான் மூர் முதலில் திட்டமிட்டார். அவர் நினைத்தபடி எழுதினால் கதை முடியும்போது அந்த நாயகர்களில் பலர் இனி எதற்கும் உதவாதவர்களாக ஆகிவிடுவார்கள் என்று கண்ட நிறுவனம், சாயலை மட்டும் வைத்துக்கொண்டு புது ஆட்களை உருவாக்கச் சொன்னது. அப்படித்தான் கொஸ்டின் ரோர்ஷாக் ஆனான், கேப்டன் ஆட்டம் டாக்டர் மன்ஹாட்டன் ஆனார், பீஸ்மேக்கர் காமெடியன் ஆனான். வாசகர்களுக்கு இது பெரிய லாபம். முன்கதைச் சுமை இல்லாத ஆட்கள் கிடைத்ததால், யார் வேண்டுமானாலும் சாகலாம், யார் வேண்டுமானாலும் கெட்டவர் ஆகலாம் என்ற நிலை வந்தது.

கதை நடப்பது 1985இல். ஆனால் நமக்குத் தெரிந்த 1985 அல்ல. அணுவைப் பிரித்துச் சேர்க்கும் வல்லமை கொண்ட ஒரே ஒரு நீல மனிதன், டாக்டர் மன்ஹாட்டன், அமெரிக்காவின் பக்கம் இருந்ததால் வியட்நாம் போரில் அமெரிக்கா வென்றுவிட்டது. நிக்சன் இன்னமும் அதிபர். 1977இல் வந்த சட்டம் ஒன்று முகமூடி அணிந்து குற்றவாளிகளைப் பிடிப்பதைத் தடை செய்துவிட்டதால் அரசுக்கு வேலை செய்பவர்கள் போக மற்ற பழைய நாயகர்கள் ஓய்வில் இருக்கிறார்கள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் ரோர்ஷாக். காமெடியனை யாரோ மாடியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட, அதைத் துப்புத் துலக்கப் புறப்படுகிறான். உலகமோ அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிற்கிறது.

இனி நகலெடுப்பு விவகாரத்துக்கு வருவோம். முதல் இதழின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடையோரம் இரத்தத்தில் கிடக்கும் சிரித்த முக பேட்ஜில் தொடங்கி, கட்டம் கட்டமாகப் பார்வை மேலே மேலே போய், உயரமான கட்டடத்தின் உடைந்த ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்க்கும் துப்பறிவாளர் ஒருவரின் வழுக்கைத் தலையில் முடிகிறது. அதன் பிறகு இரண்டு போலீஸ் துப்பறிவாளர்கள் அந்தக் குடியிருப்பில் நின்று, கொலை எப்படி நடந்திருக்கும் என்று சாவகாசமாக ஊகிக்கிறார்கள். கதவு உடைபட்டிருக்கிறது, ஆள் நல்ல பலசாலி, தானாக விழுந்திருக்க வாய்ப்பில்லை என்று பேச்சு போகிறது. அவர்கள் பேச்சுக்கு நடுவே, சிவப்பு வண்ணம் மூழ்கடித்த கட்டங்களாகக் கொலை நமக்குக் காட்டப்படுகிறது. பேச்சு ஒன்று சொல்கிறது, சித்திரம் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாசகர்தான் நிரப்ப வேண்டும். கொலையாளியின் முகம் தெரியாது. சண்டை என்று சொல்லிக்கொள்ளும்படி அங்கே ஒன்றுமே இல்லை. வயதான ஒருவன் அடி வாங்குகிறான், விழுகிறான், அவ்வளவுதான்.

படம் இதை என்ன செய்கிறது? பின்னணியில் நாட் கிங் கோலின் மென்மையான காதல் பாட்டு ஒலிக்க, சுவர் பெயர்ந்து விழ, கண்ணாடி மேசை நொறுங்க, நன்றாக வடிவமைக்கப்பட்ட ஒரு முழுநீளச் சண்டைக் காட்சியைத் தருகிறது. பேட்ஜ் அதே பேட்ஜ்தான், அதன்மேல் விழும் இரத்தத் துளியின் கோணமும் அதேதான். காமெடியன் ஜன்னலை உடைத்துக்கொண்டு விழும் தோற்றமும் கிப்பன்ஸ் வரைந்தபடியே இருக்கிறது. ஆனால் காமிக்ஸ் சிதறல்களாகக் கொடுத்ததை படம் சேர்த்து ஒட்டி, மெருகேற்றி, தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டது. நாம் செய்ய வேலையே இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘வாட்ச்மென்’ பக்கங்கள் பெரும்பாலும் ஒன்பது கட்ட அமைப்பில் வரையப்பட்டவை. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், எல்லாம் ஒரே அளவு. பார்க்கச் சலிப்பாகத் தோன்றும். அந்தக் காலத்து அமெரிக்கக் காமிக்ஸ் பெரிதும் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நாயகன் வெளியே பாய்கிற மாதிரி வரையப்பட்டபோது, கிப்பன்ஸ் வேண்டுமென்றே இந்தக் கட்டுக்கோப்புக்குள் நின்றார். அதனால் ஒருவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்கும் இன்னொருவன் எலும்பு முறிவதற்கும் பக்கத்தில் ஒரே அளவு இடம்தான். எது முக்கியம் என்று பக்கம் நமக்குக் கட்டளை இடுவதில்லை. ஸ்னைடரின் கையெழுத்து என்று சொல்லத்தக்க உத்தி இதற்கு நேர் எதிரானது. முக்கியமான அசைவு வந்ததும் அவர் படத்தின் வேகத்தைக் குறைத்து ‘இதைப் பார், இதைப் பார்’ என்கிறார். ஸ்லோ மோஷனில் ஒரு கட்டத்தை உறையவைத்தால் காமிக்ஸ் ஆகிவிடும் என்று அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். காமிக்ஸில் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை வாசகரின் கண் தீர்மானிக்கிறது. திரையில் அந்த அதிகாரம் இயக்குநர் கையில். அவர் அதைக் கொஞ்சமும் கூச்சப்படாமல் பயன்படுத்துகிறார்.

ஐந்தாவது இதழ் இந்த அதிகாரத்தை வாசகர் கையில் எவ்வளவு தூரம் கொடுக்க முடியும் என்பதற்கான சோதனை. அந்த இதழின் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்ப வருகிறது, இரண்டாம் பக்கத்தினுடையது கடைசிக்கு முந்தைய பக்கத்தில், இப்படியே நடுப்பக்கம் வரை. இதழின் நட்ட நடுவில், பிரித்து வைத்த இரு பக்கங்களில், ஓஸிமாண்டியஸ் என்ற முன்னாள் முகமூடி நாயகன் தன்னைக் கொல்ல வந்தவனை அடித்து வீழ்த்துகிறான். முதல் வாசிப்பில் பெரும்பாலோர் இந்தச் சமச்சீரைக் கவனிப்பதே இல்லை. கவனித்தபின் விரலை நடுவில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டாமல் இருக்க முடியாது. இதைத் திரையில் எப்படிச் செய்வது? செய்ய முடியாது. ஸ்னைடரும் முயலவில்லை, அதற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அந்தக் கொலை முயற்சி படத்தில் சாதாரணத் துப்பாக்கிச் சூடாக வந்து போகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், நகலெடுத்தும் ஜெயித்த ஒரு பகுதி உண்டு. செவ்வாய்க் கிரகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டர் மன்ஹாட்டன் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் பகுதி. காமிக்ஸில் அது முழு நான்காவது இதழ். அவருக்கு இறந்த காலம், எதிர்காலம் என்ற பாகுபாடு இல்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகனான ஜான் ஆஸ்டர்மேனாக இருந்த சிறுவயதுப் பருவமும், 1959இல் சோதனைக்கூட விபத்தில் உடல் சிதறிய கணமும், கையிலிருக்கும் புகைப்படம் மணலில் விழப்போகிற நொடியும் அவருக்கு ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. காமிக்ஸ் பக்கமும் அப்படித்தானே? மூன்றாம் கட்டத்தைப் படிக்கும்போதே ஏழாம் கட்டம் ஓரக்கண்ணில் தெரிகிறது. மன்ஹாட்டன் உலகத்தைப் பார்ப்பதும் நாம் காமிக்ஸ் பக்கத்தைப் பார்ப்பதும் ஒன்றே என்பது மூர் அந்த இதழில் ஒளித்துவைத்த விளையாட்டு. படத்தில் பில்லி கிரடப்பின் உணர்ச்சியற்ற மெல்லிய குரலும் ஃபிலிப் கிளாஸின் இசையும் சேர்ந்து அந்த மயக்கத்தில் பாதியையாவது கொண்டுவந்துவிடுகின்றன. திரையரங்கில் அந்தப் பகுதி ஓடியபோது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

புகார் வருவது வன்முறையில். மூன்றாவது இதழில் டானும் லாரியும், அதாவது ஓய்வுபெற்ற நைட் அவுலும் சில்க் ஸ்பெக்டரும், இருட்டுச் சந்தில் ரவுடிக் கும்பலிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அடித்து விரட்டிவிடுகிறார்கள். பிறகு இருவருக்கும் மூச்சு வாங்குகிறது, ஒருவரை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. நடுத்தர வயது, தொப்பை, நாள்பட்ட பழக்கமின்மை எல்லாம் அந்தக் கட்டங்களில் தெரிகின்றன. அதே நேரத்தில் தொலைக்காட்சி அரங்கில் மன்ஹாட்டன் கேள்விக் கணைகளில் சிக்கித் தவிப்பது மாற்றி மாற்றிக் காட்டப்படுகிறது. படத்திலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து வெட்டி வருகின்றன, ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் திரையில் டானும் லாரியும் கைகளை முறித்து எலும்பைத் தோலுக்கு வெளியே கொண்டுவருகிறார்கள். மேலே சாதாரண மனிதர்கள், உள்ளே அடக்கிவைத்த பழைய ஆசை என்று காமிக்ஸ் சொன்னது போய், இவர்கள் உண்மையிலேயே அசகாய சூரர்கள் என்று படம் சொல்லிவிடுகிறது. நீல மனிதனைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதையில் அமானுஷ்ய சக்தி கிடையாது என்பது மொத்தக் கதையும் நிற்கும் அடித்தளம். அதையே ஒரு சந்துச் சண்டைக்காகத் தாரை வார்த்துவிட்டார்கள்.

ரோர்ஷாக்கின் விஷயம் இதைவிட மோசம். கடத்தப்பட்ட சிறுமியைத் தேடிப் போன அவன், அவள் கொல்லப்பட்டு நாய்களுக்குப் போடப்பட்டதைக் கண்டுபிடிக்கிறான். காமிக்ஸில் அவன் கொலைகாரனைக் கைவிலங்கால் அடுப்போடு பிணைத்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ரம்பத்தை வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைக்கிறான். விலங்கை அறுக்க நேரம் போதாது, கையை அறுத்தால் ஒருவேளை தப்பிக்கலாம் என்பது சொல்லாமல் புரிகிறது. வெளியே தெருவில் நின்று வீடு எரிவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் வெளியே வரவில்லை. அந்த வெகுநேரத்தில்தான் வால்ட்டர் கோவாக்ஸ் என்ற மனிதன் செத்து ரோர்ஷாக் மட்டும் மிஞ்சுகிறான். படத்தில் அவன் வெட்டுக்கத்தியை எடுத்துக் கொலைகாரன் மண்டையில் திரும்பத் திரும்பப் போடுகிறான். கோபத்தில் கொல்வதற்கும், நின்று நிதானமாக வேடிக்கை பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதை நாம் மன்னித்துவிடுவோம், ஏன், கைகூடத் தட்டுவோம். இரண்டாவது நம்மைப் பயமுறுத்தும். ஆறாவது இதழ் முழுக்க, சிறையில் இந்தக் கதையைக் கேட்கும் மனநல மருத்துவர் மால்கம் லாங் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோவது அந்தப் பயத்தால்தான். வீட்டில் மனைவியோடு பேச முடியாமல், விருந்தில் உட்கார முடியாமல் போகிறது அவருக்கு. படத்தில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ரோர்ஷாக்காக நடித்த ஜாக்கி ஏர்ல் ஹேலியைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல முடியாது. முகமூடி கழன்றபின் அந்த முகத்தில் தெரியும் அவமானமும் வெறியும் காமிக்ஸில் இருப்பதைவிடக் கூடுதல் என்றுகூட வாதிடுவேன். காமெடியனாக வந்த ஜெஃப்ரி டீன் மார்கனும் அப்படித்தான். ஓஸிமாண்டியஸ்தான் சறுக்கல். காமிக்ஸில் அவன் எல்லோருக்கும் பிடித்த, வெளிச்சமான, தாராள மனமுள்ள ஆள். அதனால்தான் கடைசியில் அதிர்ச்சி. படத்திலோ அவன் முதல் காட்சியிலேயே வில்லனாக வந்து நிற்கிறான்.

சரி, படம் அருகில் வந்த இடம் எது என்று சொல்லவில்லையே. தொடக்கப் பெயர் ஓட்டம். பாப் டிலனின் பாட்டு ஒலிக்க, ஏறத்தாழ ஆறு நிமிடத்தில், 1940களிலிருந்து 1970கள் வரை முகமூடி மனிதர்களின் வரலாறு அசையும் புகைப்படங்கள்போல் நகர்கிறது. முதல் நைட் அவுல் ஒரு கொள்ளைக்காரனைக் குத்துகிறார், பத்திரிகைக் காமிராவின் விளக்கு பளிச்சிடுகிறது. ஜப்பான் சரணடைந்த நாளில், பிரபலமான புகைப்படத்தில் மாலுமி முத்தமிடும் அந்த நர்ஸை இங்கே சில்ஹௌட் என்ற முகமூடிப் பெண் முத்தமிடுகிறாள். அவளே பிறகு படுக்கையில் கொலையுண்டு கிடக்கிறாள். டாலர் பில் என்பவன் தன் மேலங்கி வங்கியின் சுழல்கதவில் சிக்கிக்கொண்டதால் சுடப்பட்டுச் சாகிறான். மாத்மேனை மனநல விடுதிக்கு இழுத்துப் போகிறார்கள். டல்லஸ் நகரில் கென்னடியைச் சுட்டவன் புகை நடுவே திரும்புகிறான், காமெடியன். நிலவில் ஆம்ஸ்ட்ராங் நிற்கிறார், எதிரே கையில் காமிராவோடு மன்ஹாட்டன். கடைசியில் தெருவில் கலவரம், சுவரில் வாசகம், தீக்குப்பி.

இவற்றில் கணிசமானவை காமிக்ஸில் வரையப்பட்டவை அல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் மூன்று இதழ்களின் கடைசிப் பக்கங்களில் காமிக்ஸ் கட்டங்களே கிடையாது. அங்கே முதல் நைட் அவுலான ஹாலிஸ் மேசன் எழுதியதாகச் சொல்லப்படும் சுயசரிதையின் அத்தியாயங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. டாலர் பில்லின் சுழல்கதவு மரணம், சில்ஹௌட்டின் முடிவு, மாத்மேனின் சரிவு எல்லாம் அந்த உரைநடையில், ஒரு முன்னாள் போலீஸ்காரரின் எளிமையான நடையில் வருபவை. கென்னடி விவகாரம் காமெடியன் வாயிலிருந்து வழுக்கும் ஒரு மங்கலான நகைச்சுவை மட்டுமே. ஸ்னைடருக்கு அங்கே நகலெடுக்கக் கட்டம் கிடைக்கவில்லை. ஆகவே எழுத்தை எப்படிக் காட்சியாக்குவது, காலத்தை எப்படிச் சுருக்குவது, பாட்டையும் படத்தையும் எப்படி மோதவிடுவது என்று ஒரு திரைப்படக்காரராக யோசித்திருக்கிறார். அவருடைய ஸ்லோ மோஷன்கூட அங்கே பொருந்திவிட்டது, ஏனென்றால் புகைப்படம் எடுக்கப்படும் கணத்தைத்தான் அது நீட்டுகிறது. ஒருவர் தம் இளமையின் ஆல்பத்தைப் புரட்டும்போது ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு சாவு தெரிகிற உணர்வு காமிக்ஸில் எனக்கு எப்படி வந்ததோ, அப்படியே அங்கும் வந்தது.

இப்போது கணவாய். காமிக்ஸில் ஏட்ரியன் வெய்ட், அதாவது ஓஸிமாண்டியஸ், அணு ஆயுதப் போரைத் தடுக்க ஒரு போலி வேற்றுலகப் படையெடுப்பை அரங்கேற்றுகிறான். செயற்கையாக உருவாக்கிய, கணவாய் போன்ற ராட்சத உயிரி ஒன்று நியூயார்க் நடுவே தோன்றிச் செத்து, அதன் மன அதிர்வில் நகரின் பாதி மடிகிறது. பயந்துபோன வல்லரசுகள் கைகோத்துக்கொள்கின்றன. படத்தில் உயிரி இல்லை. மன்ஹாட்டனின் சக்தியைப் போலவே தோன்றும் வெடிப்புகள் உலகின் பல நகரங்களில் நிகழ்கின்றன, பழி மன்ஹாட்டன்மேல் விழுகிறது. கதைக் கட்டமைப்பாகப் பார்த்தால் இந்த மாற்றம் மோசமில்லை, சிக்கனமானதும்கூட. வேற்றுலக உயிரி, அதை வடிவமைத்த ஓவியர்கள், தீவு என்று தனியாக ஒரு கிளைக்கதையை விதைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. எனக்கு ஒரு கேள்வி மட்டும் உண்டு: இத்தனை ஆண்டுகள் அமெரிக்காவின் ஆயுதமாக இருந்த ஒருவன் மாஸ்கோவை அழித்தால், சோவியத்துகள் அமெரிக்காவைக் கட்டித் தழுவுவார்களா, பதிலடி கொடுப்பார்களா? வேற்றுலகத்தான் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத எதிரி. இவன் அப்படி அல்லவே.

ஆனால் நான் இழந்ததாக நினைப்பது கணவாயை அல்ல, அது விழுந்த தெருமுனையை. காமிக்ஸ் முழுக்க, பெரிய ஆட்களின் கதைக்கு நடுநடுவே, நியூயார்க்கின் ஒரு நாற்சந்திக்கு நாம் திரும்பத் திரும்பப் போகிறோம். அங்கே ஒரு பத்திரிகைக் கடைக்காரர் இருக்கிறார், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உலக அரசியல் பேசுவார். கடையோரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு சிறுவன் காசு கொடுக்காமல் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிப்பான். இந்த உலகில் நிஜ முகமூடி மனிதர்கள் இருப்பதால் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் விற்பதில்லை, கடற்கொள்ளையர் கதைகள்தான் விற்கின்றன. டாக்சி ஓட்டும் ஒரு பெண், அவளுக்கும் அவள் தோழிக்கும் நடுவே தீராத சண்டை. அந்த மால்கம் லாங், அவர் மனைவி. முதல் பக்கத்தில் ஜன்னலில் எட்டிப் பார்த்த துப்பறிவாளர்கள். பதினோராவது இதழின் கடைசியில் இவர்கள் எல்லோரும் தற்செயலாக அந்த முனையில் கூடுகிறார்கள். தெருவில் டாக்சிக்காரியும் தோழியும் அடித்துக்கொள்ள, மருத்துவர் விலக்கிவிட ஓடுகிறார். அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. கடைக்காரரும் சிறுவனும், இருவருக்கும் ஒரே பெயர் என்பதைத் தாமதமாகக் கண்டுபிடித்தவர்கள், ஒருவரை ஒருவர் அணைத்துக்கொள்ள, கட்டம் கட்டமாக உருவம் கரைந்து வெண்மை மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்த இதழ் தொடங்கியதும் ஒன்பது கட்ட அமைப்பு காணாமல் போகிறது. முழுப்பக்கச் சித்திரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வசனமும் இல்லாமல் பிணக்குவியல்கள். பதினோரு இதழ்கள் வரை அடக்கிவைத்த பக்கம் அப்போதுதான் திறக்கிறது. அந்தக் குவியலில் நாம் ஆட்களைத் தேடுகிறோம். கடை எங்கே, டாக்சி எங்கே என்று பார்க்கிறோம். உலகத்தைக் காப்பாற்ற எத்தனை பேரைக் கொல்லலாம் என்ற வெய்ட்டின் கணக்கில் எண்ணாக இருந்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். மூர் இத்தனை இதழ்களைச் செலவழித்துக் கட்டியது இந்த ஒரு நிமிடத்துக்காக என்றே நான் நம்புகிறேன்.

படத்திலும் அந்த அணைப்பு வருகிறது, கோணம்கூட ஏறத்தாழ அதேதான். ஆனால் யார் அவர்கள்? திரையரங்குப் பதிப்பைப் பார்த்தவருக்கு அவர்கள் யாரோ ஒரு பெரியவர், யாரோ ஒரு சிறுவன். பிறகு நீல வெடிப்பு, பெரிய பள்ளம், சுத்தமான அழிவு. பிணங்கள் இல்லை. மண்டை பிளப்பதையும் எலும்பு வெளியே வருவதையும் அத்தனை ஆசையாகக் காட்டிய படம், காட்டியே ஆக வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டது. இதை நான் மன்னித்ததே இல்லை.

அதன் பிறகு வருவதும் அப்படித்தான். காமிக்ஸில், வெய்ட்டின் ரகசியத்தைக் காக்க மறுக்கும் ரோர்ஷாக்கை மன்ஹாட்டன் பனியில் சிதறடிக்கும்போது அங்கே வேறு யாரும் இல்லை. டானும் லாரியும் உள்ளே ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தனிமை ரோர்ஷாக்குக்குத் தகுந்தது. படத்தில் டான் பார்த்து அலறுகிறான், உள்ளே ஓடி வெய்ட்டை அடிக்கிறான். நமக்குப் பதிலாக ஒருவர் கோபப்பட்டுவிடுகிறார். காமிக்ஸில் வெய்ட் கடைசியாக மன்ஹாட்டனிடம், நான் செய்தது சரிதானே, முடிவில் எல்லாம் நல்லபடியாக அமைந்ததே என்று கேட்பான். முடிவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு அவர் மறைந்துவிடுவார். தான் வென்றோமா என்று தெரியாமல் வெய்ட் தனியாக நிற்பான். அந்தச் சொற்களைப் படம் லாரியின் வாயில், டானுக்குச் சொல்லும் ஆறுதலாக வைத்திருக்கிறது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை என்றால் அந்த வசனம் இருந்து என்ன?

ஸ்னைடருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பையும் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு முன்னால் டெர்ரி கில்லியம், டேரன் அரனோஃப்ஸ்கி, பால் கிரீன்கிராஸ் எனப் பலர் கைவைத்து விட்டுப்போன திட்டம் இது. கில்லியம், இதைத் தொலைக்காட்சித் தொடராகத்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டு விலகினார். இடையில் எழுதப்பட்ட சில திரைக்கதைகள் கதையை இன்றைய காலத்துக்கு நகர்த்தின. பனிப்போரையும் 1985ஐயும் நிக்சனையும் காப்பாற்றியவர் ஸ்னைடர். டேவ் கிப்பன்ஸ் படக்குழுவுக்கு ஆலோசனை சொல்லித் துணை நின்றார். மூர் தம் பெயரே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டதால் பெயர்ப் பட்டியலில் கிப்பன்ஸ் பெயர் மட்டும் இருக்கிறது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை மூருக்கும் கிப்பன்ஸுக்கும் திரும்பும் என்ற ஒப்பந்தம், புத்தகம் அச்சில் இல்லாமல் போகவே இல்லை என்பதால் பயனற்றுப்போனது. மூரின் கசப்பு அங்கிருந்து தொடங்குவது. படத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூர் வெறுக்கிறார், அதனால் படம் மோசம் என்று வாதிடுகிற ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். 2009 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்தது 162 நிமிடம். இயக்குநரின் பதிப்பு 186 நிமிடம். அதில் ஹாலிஸ் மேசன் கொல்லப்படும் காட்சி சேர்ந்திருக்கிறது, அது அவசியமானது. கடற்கொள்ளையர் கதையை அனிமேஷனாக இடையிடையே செருகிய 215 நிமிடப் பதிப்பும் உண்டு. தெருமுனை அதில் ஓரளவு உயிர்பெறுகிறது என்பதால் கொள்கையளவில் அதைத்தான் நான் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் காமிக்ஸில் ஒரே கட்டத்தில் சிறுவன் படிக்கும் வரியும் கடைக்காரரின் பேச்சும் உரசிக்கொள்ளும். திரையில் ஒன்று நின்ற பிறகு மற்றொன்று தொடங்குகிறது, படம் மூச்சு விடுவதற்குப் பதிலாக விக்குகிறது. 186 நிமிடப் பதிப்பே போதும்.

உண்மைத்தன்மையின் எல்லையைப் பார்க்க விரும்பினால் 2008இல் வந்த அசையும் காமிக்ஸ் பதிப்பு இருக்கிறது. கிப்பன்ஸின் அதே சித்திரங்கள் மெல்ல அசைகின்றன, ஒரே நடிகர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கிறார், பெண்களுக்கும் சேர்த்து. 2024இல் இரண்டு பாகங்களாக அனிமேஷன் படமும் வந்தது. அதில் கணவாய் உண்டு, தெருமுனையும் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டையும் பார்ப்பதற்குப் பதில் புத்தகத்தையே இன்னொரு முறை எடுத்துப் படிக்கலாம்.

அவற்றைவிட, டேமன் லிண்டலாஃப் 2019இல் எடுத்த ஒன்பது அத்தியாயத் தொலைக்காட்சித் தொடரைப் பாருங்கள். அது காமிக்ஸை மறுபடி எடுக்கவே இல்லை. காமிக்ஸில் நடந்ததை நடந்து முடிந்த வரலாறாக வைத்துக்கொண்டு, 1921இல் டல்சா நகரில் கறுப்பினத்தவர்மேல் நடந்த படுகொலையிலிருந்து தொடங்குகிறது. கணவாயும் அங்கே உண்டு, ஆனால் விழுந்து பல ஆண்டு ஆன காயமாக. காமிக்ஸ் கடைசிவரை உறுதியாகச் சொல்லாத ஒன்று, முதல் முகமூடி மனிதனான ஹூடட் ஜஸ்டிஸ் யார் என்பது. தூக்குக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் அந்த ஆளின் முகத்தைக் கிப்பன்ஸ் வரையவே இல்லை. ஆறாவது அத்தியாயம் அந்த முகத்தைக் காட்டுகிறது, கயிறு ஏன் என்பதையும் சொல்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால் முதல் மூன்று இதழ்களின் கடைசிப் பக்கங்களில் ஹாலிஸ் மேசன் அவரைப் பற்றி எழுதியிருப்பதை ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியைக்கூட மாற்றாமல், மேசனுக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதை அந்தத் தொடர் காட்டிவிடுகிறது.